குடிசை ‘மாற்று’

1970இல் மெட்ராஸில் ஒரு வாரியம் பிறந்தது. ஆங்கிலத்தில் அதன் பெயர் ‘ஸ்லம் கிளியரன்ஸ் போர்டு’. கிளியரன்ஸ் என்றால் அகற்றுவது. தமிழில் வைத்த பெயரோ ‘குடிசை மாற்று வாரியம்’. அகற்றுவதும் மாற்றுவதும் ஒண்ணா? அடுத்த ஐம்பது வருஷச் சென்னையின் கதை இந்த இரண்டு சொற்களுக்கு நடுவில்தான் கிடக்கிறது.

ஆரம்பத்தில் தமிழ்ப் பெயர் ஜெயித்தது. குடிசை இருந்த இடத்திலேயே, இல்லாவிட்டால் பக்கத்திலேயே, மாடி வீடு. மெரினா ஓரத்து நொச்சிக்குப்பத்தில் எழுந்த குடியிருப்புகள் அந்தக் காலத்தவை. கட்டடத்தில் ஆயிரம் குறை சொல்லலாம். ஆனால் மாடியிலிருந்து இறங்கினால் கடல். பிழைப்பு கையெட்டும் தூரத்தில் இருந்தது.

1971இல் சட்டம் வந்தது. ஓரிடத்தைக் குடிசைப் பகுதி என்று அரசு அறிவித்துவிட்டால், தண்ணீரும் கழிப்பறையும் தெருவிளக்கும் கேட்க அங்கிருப்பவர்களுக்கு ஒரு பிடி கிடைத்தது. அந்த வருஷம் அறிவிக்கப்பட்டவை 1,202 இடங்கள்.

அத்தனை பேருக்கும் மாடி வீடு கட்டக் காசுக்கு எங்கே போவது? 1977இல் உலக வங்கிக் கடனோடு வேறொரு வழி வந்தது. குடிசையை இடிக்காதே; தெருவும் குழாயும் போடு; மனையை அவர்களுக்கே தவணையில் கொடு; வீட்டை அவர்கள் மெதுவாகக் கட்டிக்கொள்வார்கள். இதன் சூட்சுமம் எளிது. ‘நாளைக்கு இடிச்சிருவாங்க’ என்கிற பயம் போனால்தான் ஒருவர் ஓலையைப் பிரித்துவிட்டுச் செங்கல் வைப்பார்.

1985இல் இன்னும் 17 இடங்களை அறிவித்தார்கள். அதோடு சரி. நகரம் வீங்கியது, பட்டியல் வளரவில்லை. பட்டியலில் இல்லாதவர்கள் அரசின் கண்ணுக்கு ‘ஆக்கிரமிப்பாளர்கள்’. 2000க்குப் பிறகு ஆங்கிலப் பெயர் முந்திக்கொண்டது. கூவம் கரையிலிருந்தும் சாலையோரங்களிலிருந்தும் கிளப்பப்பட்டவர்கள் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் போனார்கள். கான்கிரீட் கூரை கிடைத்தது உண்மைதான். ஆனால் மயிலாப்பூரில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்த பெண், விடியற்காலை பஸ் பிடித்துப் போய்வந்தால் சம்பளத்தில் என்ன மிஞ்சும்? நடுவருஷத்தில் பள்ளி மாறிய பிள்ளை எங்கே உட்காரும்? ஊர்ப் பெயரைச் சொன்னதும் முகம் மாறுகிற முதலாளியிடம் பையன் எந்த முகவரியைக் கொடுப்பான்?

வறுமை கூரையில் மட்டும் இல்லை. வேலைக்கும் வீட்டுக்கும் நடுவிலிருக்கிற தூரத்திலும் இருக்கிறது. இதை அந்தப் பழைய வாரியம் தன் முதல் வருஷங்களில் அறிந்திருந்தது. இன்று நாம் புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை.

2021இல் பெயர் மறுபடி மாறியது: தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். ‘குடிசை’யும் போச்சு, ‘மாற்று’ம் போச்சு. ‘வாழ்விடம்’ நல்ல சொல். அதில் ‘இடம்’ என்று ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாம் கேட்க வேண்டியது அதைப் பற்றித்தான்: எந்த இடம்?