குருப்பட்டம் பெறும் வழி

தோட்டத்துப் பெற்றோர் ஒருவர் ஒருநாள் பள்ளி வாசலில் நம்மை நிறுத்தி, "சார், பையன் போதகர் படிப்புக்குப் போகணும்னு நிக்கிறான். எத்தனை வருஷம் ஆகும்? அதுவரைக்கும் வீட்டுக்கு ஒரு சம்பளம் குறையுமே" என்றார். நியாயமான கவலைதான்.

இந்தப் பாதை தமிழர்களுக்குப் புதிதன்று. ஜெர்மானியரான சீகன்பால்க் 1706இல் தரங்கம்பாடிக்கு வந்தார். 1716இல் அங்கே உபதேசியார்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கினார். கடலூரில் பிறந்த ஆறுமுகம் என்பவர் 1718இல் ஞானஸ்நானம் பெற்று ஆரோன் ஆனார். உபதேசியாராக ஊர் ஊராகச் சென்று உழைத்தார். அவருக்குக் குருப்பட்டம் கிடைத்தது 1733 டிசம்பர் 28ஆம் நாள். இந்தியப் புரொட்டஸ்டண்ட் குருமாரில் அவரே முதல்வர். பதினைந்து ஆண்டுக் காத்திருப்பு! சீகன்பால்க் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது 23தான். நம்மவரை இவ்வளவு காலம் காக்க வைத்தது சற்று அதிகம் என்றே நமக்குப் படுகிறது.

அந்தத் தரங்கம்பாடி மரபுதான் கப்பலேறி மலாயாவுக்கும் வந்தது. ரயில்வேயிலும் தோட்டங்களிலும் வேலை செய்த தமிழர்களுக்காகப் பிரிக்பீல்ட்ஸில் சீயோன் லுத்தரன் ஆலயம் 1924இல் எழுந்தது. வெகுகாலம் போதகர்கள் தமிழ்நாட்டிலிருந்தே வந்தார்கள். இங்குள்ள பிள்ளை படிக்க விரும்பினால் சென்னை குருகுலத்துக்கோ, சிங்கப்பூர் டிரினிட்டி கல்லூரிக்கோ போக வேண்டும். ரப்பர் வெட்டும் வீட்டுக்கு அது எட்டுகிற காரியமா?

1979இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், லுத்தரன் சபைகள் ஒன்றுசேர்ந்து கோலாலம்பூரில் மலேசிய இறையியல் கல்லூரியைத் தொடங்கின. அது பின்னர் சிரம்பானுக்குக் குடிபெயர்ந்தது. கிள்ளானிலிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம்.

படிப்பு மூன்று நான்கு ஆண்டுகள். வேதாகமம், சபை வரலாறு, பிரசங்கம் செய்யும் முறை. மூல நூலைப் படிக்க எபிரேயமும் கிரேக்கமும் உண்டு. சேருவதற்கு முன் சொந்தச் சபையின் பரிந்துரை வேண்டும். படித்து முடித்த மறுநாளே யாரும் குருவாகிவிடுவதில்லை. ஒரு சபையில் சில காலம் பயிற்சி ஊழியம் செய்ய வேண்டும்: நோயாளியைப் பார்ப்பது, சாவு வீட்டில் நிற்பது, ஞாயிறு பள்ளி நடத்துவது. சபை திருப்தி அடைந்த பிறகே பேராயர் தலையில் கைவைத்துப் பட்டம் அளிப்பார். புத்தகப் படிப்பைவிட இந்தக் காலமே கடினமானது என்போம்.

இவ்வளவையும் அந்தப் பெற்றோருக்குச் சொன்னோம். சம்பளம் குறையும் என்பதையும் மறைக்கவில்லை. சற்று நேரம் பேசாமல் நின்றவர், "தமிழில் படிக்க முடியுமா சார்?" என்று கேட்டார்.

"தமிழிலும் உண்டு. ஆனால் ஆங்கிலப் புத்தகங்களைத் தள்ள முடியாது" என்றோம்.

"அப்படின்னா சாயங்காலம் அவனை அனுப்புறேன். கொஞ்சம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுங்க" என்று சொல்லிவிட்டு, பால் நிறுக்கும் நேரமாயிற்றென்று சைக்கிளை எடுத்தார்.