அடைகாப்புக் குணம் (கோழி)

முட்டையிட்டு வந்த பெட்டைக்கோழி அதை நிறுத்தி, இறகுதிர்ந்த அடிவயிற்றின் வெறுந்தோலால் முட்டைகளை அணைத்து, இரைக்கும் நீருக்கும் சற்றே எழுந்து, அணுகுவோரைச் சிலிர்த்துக் கொத்தியவண்ணம் 21 நாள் ஓரிடத்தில் அமர்ந்திருக்கும் சுபாவமே அடைகாப்புக் குணமாகும். சேலம், நாமக்கல் வட்டாரத்துக் குடியானவர் இதனை அவயம் என்பர். அவயம் வேண்டாதபோது கோழியைத் தண்ணீரில் முக்கியெடுப்பதும், மூக்குத் துவாரத்தில் இறகைச் செருகுவதும் கிராமத்து வழக்கம். இவற்றுள் முதலாவதற்குச் சாஸ்திர நியாயமும் உண்டு என்பது பின்னர் விளங்கும்.

இக்குணத்தை எழுப்புவது உடலில் ஊறும் சுரப்பே. பிராணிகளின் நடத்தையை இத்தகைய சுரப்புகள் ஆளுகின்றன என்பதைப் பிரத்தியட்சமாகக் காட்டியதும் கோழியினமே. 1849-இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் அர்னால்டு பெர்ட்ஹோல்டு என்னும் பேராசிரியர் விதையகற்றிய இளஞ்சேவல்கள், கொண்டை சிறுத்து, கூவலும் சண்டையும் மறந்தன. அகற்றிய விதையை வயிற்றினுள் ஒட்டவைக்கப்பெற்றவையோ, அதன் பழைய நரம்புத் தொடர்பு அறுந்திருந்தும், ஏனைய சேவல்களைப் போலவே கூவிப் பெட்டைகளை நாடின. இரத்தத்தின் வழியே ஏதோ ஒன்று செல்கிறது என்ற இவ்வரிய உண்மை நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது வருந்தத்தக்கது. விதையின் சுரப்பாகிய டெஸ்டோஸ்டிரோன் 1935-இல்தான் பிரித்தெடுக்கப்பட்டது.

அதே ஆண்டில் அமெரிக்காவில் ஆஸ்கர் ரிடிலும் அவர் துணைவரும், பிட்யூட்டரிச் சுரப்பியின் ஹார்மோனாகிய புரோலாக்டினை ஊசிவழிச் செலுத்தி, கோழிகளை அடைக்கு அமரச் செய்தனர். அண்டச் சுரப்பியின் ஹார்மோன்கள் முன்னரே பக்குவப்படுத்திய உடலில், முட்டை வெறுந்தோலில் படும் ஸ்பரிசம் புரோலாக்டினை உயர்த்த, உயர்ந்த புரோலாக்டின் முட்டையிடுதலை அடக்கிக் கோழியைக் கூட்டிலேயே நிறுத்துகிறது. முட்டையை எடுத்தாலும் வயிற்றைக் குளிர்வித்தாலும் இவ்வட்டம் தளர்கிறது. எலிகளிலும் ஈஸ்ட்ரஜன், புரொஜெஸ்டிரோன் ஆகியவற்றின் துணையோடு புரோலாக்டின் தாய்மை நடத்தையை எழுப்புவது 1985-இல் மெய்ப்பிக்கப்பட்டது.

1970-களுக்குப் பின் நாமக்கல் வட்டாரத்தில் பெருகிய முட்டைப் பண்ணைகள் இவ்வட்டத்தை அடியோடு அறுத்தவை. அடைக்கு அமரும் பெட்டைகளைத் தலைமுறை தலைமுறையாகக் கழித்து வந்த வெள்ளை லெகார்ன் வழியினம், முட்டை உடனே உருண்டோடும் சரிவான கம்பிக்கூண்டில், நாளுக்கு 16 மணி நேர வெளிச்சத்தில் வளர்க்கப்படுகிறது. இந்தச் சுபாவ மாற்றத்துக்கு நாமக்கல் முட்டை வணிகம் கடன்பட்டிருக்கிறது என்பது மிகையன்று. கிராமத்துச் சிறுவிடை இனப் பெட்டை இன்றும் தானே அவயம் காக்கிறது. பண்ணைக் குஞ்சுகளோ பொரிப்பகத்து இயந்திரத்தில், அதே 21 நாளில், தாயின்றி வெளிவருகின்றன.