புல்வெளியும் காடே

புனேயில் வாழும் நாம் அன்றாடம் காணும் சகியாத்திரி மலைத்தொடரே தெற்கே நீண்டு நீலகிரியாக உயர்ந்து நிற்கிறது. அம்மலையின் தொல்குடியினரான தோடர்களின் வாழ்வு எருமையைச் சார்ந்தது. எருமையோ புல்வெளியைச் சார்ந்தது. அவர்தம் கோயிலும் பால்மனையே.

1820-களில் கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் உதகையில் குடியேறினார். பின்வந்த ஆட்சியாளர்க்கு அப்புல்வெளி வெற்று நிலமாகவே தோன்றிற்று. விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்குமென ஆஸ்திரேலியத் தைல மரமும் சீகை மரமும் நடப்பட்டன. 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காடுகளை அரசின் பிடிக்குள் கொணர்ந்தது. விடுதலைக்குப் பின்னரும் நடவு தொடர்ந்தது. தைல மரம் ரேயான் ஆலைக்கும் சென்றது. மேய்ச்சல் நிலம் சுருங்க, மந்தைகளும் குறைந்தன; மழைநீரை ஏந்தி ஓடைகளுக்கு அளித்த புல்வெளியும் மறைந்தது.

கோடரி மட்டுமன்று, அங்கு வாழ்வோரைக் கேளாமல் நட்ட மரமும் காட்டை அழிக்கும் என்பதே இவ்வரலாறு நமக்கு உணர்த்தும் பாடம். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மலைமக்களின் மரபுரிமையை ஏற்று, கிராம சபைக்கு உரிய இடம் அளித்தது. அச்சட்டம் ஏட்டளவில் நின்றுவிடலாகாது. நம் புனே மாவட்டத்துப் பீமாசங்கர் மலையில் மகாதேவ் கோலி மக்கள் போற்றிவரும் ‘தேவராயி’ என்னும் தெய்வக் காடுகளுக்கும் தோடர் புல்வெளியின் கதி நேராதிருக்க வேண்டுமாயின், மலையை அறிந்தோரின் சொல்லுக்கு முதலில் செவிசாய்த்தல் வேண்டும்.