உலோகங்களின் வினைத்திறன்: புதுச்சேரியில் அதன் வரலாறு

ஓர் உலோகம் காற்று, நீர், அமிலம், உப்பு ஆகியவற்றோடு கூடித் தன் உலோக நிலையை இழந்து சேர்மமாக மாறுதற்குக் கொண்டுள்ள நாட்டம் அதன் வினைத்திறன் எனப்படும். பொட்டாசியமும் சோடியமும் நீரிற்பட்ட மாத்திரத்தில் அதிலுள்ள ஹைட்ரஜனை வெளியேற்றுகின்றன. இரும்பு ஈரக்காற்றில் மெல்லத் துருவாகிறது. பொன்னோ நூற்றாண்டுகள் மண்ணிற் புதைந்து கிடப்பினும் ஒளி குன்றுவதில்லை. பொன், வெள்ளி, செம்பு ஆகியவற்றை நாணயமாக அடித்த ஊராகவும், பின்னர் இரும்பைக் கடலுக்குள் நிறுத்திய ஊராகவும் புதுச்சேரி இருந்தமையால், இவ்வேற்றுமையின் விளைவுகள் அந்நகரின் வரலாற்றிலேயே படிந்துள்ளன.

காரணம்: உலோக அணு ஒன்று நீரில் அயனியாக மாறவேண்டுமாயின், அதனைத் திண்மப் பொருளினின்று பிரிக்கவும், அதன் வெளிக்கூட்டிலுள்ள எலெக்ட்ரான்களை அகற்றவும் சக்தி செலவாகிறது, அவ்வாறு பிறந்த அயனியை நீர் மூலக்கூறுகள் சூழ்ந்துகொள்ளும்போது சக்தி வெளிப்படுகிறது. இச்செலவுக்கும் வரவுக்கும் உள்ள வித்தியாசமே வினைத்திறன் வரிசையில் உலோகத்தின் ஸ்தானத்தை நிர்ணயிக்கிறது. ஹைட்ரஜனை 0 எனக் கொண்டால், நியம மின்னழுத்தம் லிதியத்துக்கு -3.04, சோடியத்துக்கு -2.71, மக்னீசியத்துக்கு -2.37, அலுமினியத்துக்கு -1.66, துத்தநாகத்துக்கு -0.76, இரும்புக்கு -0.44, செம்புக்கு +0.34, வெள்ளிக்கு +0.80, பொன்னுக்கு ஏறத்தாழ +1.5 வோல்ட் ஆகும். சோடியத்தைக் காட்டிலும் எலெக்ட்ரானை இறுகப் பற்றியுள்ள லிதியம் வரிசையின் தலைப்பில் நிற்பது, அதன் மிகச் சிறிய அயனியை நீர் அத்துணை வலிமையுடன் ஈர்ப்பதனாலேயே.

பழங்காலம்: புதுச்சேரிக்குத் தெற்கே, 1945-இல் மார்ட்டிமர் வீலரும் 1947-50-இல் கசாலும் அகழ்ந்த அரிக்கமேடு, கிரேக்க நூலான பெரிப்ளூஸ் குறிப்பிடும் பொதுகே என்னும் துறை என்று அறிஞர் பலர் கருதுவர். கடலோர ஈரமண்ணில் இரும்பு உருக்குலைவதும் பொன் மாறாதிருப்பதும் இயல்பாகையால், இத்தகைய இடங்களின் உலோகச் சான்று வினைத்திறன் குறைந்த உலோகங்களின் பக்கமே சாய்ந்திருக்கும்.

அக்கசாலைக் காலம்: 18-ஆம் நூற்றாண்டைப் பற்றிய செய்திகள் மிகுதி. புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துய்மா 1736-இல் ஆர்க்காட்டு நவாபு தோஸ்த் அலியிடமிருந்து ரூபாய் அடிக்கும் உரிமையைப் பெற்றார். அதே ஆண்டில் தொடங்கி 1761 வரை நீளும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு, வெள்ளியும் நாணயமும் வாணிகமும் பின்னிப் பிணைந்திருந்த அக்காலத்து வாழ்வைக் காட்டுகிறது. ஐரோப்பியக் கப்பல்கள் அமெரிக்கச் சுரங்கங்களின் வெள்ளியைப் பியாஸ்தர் நாணயங்களாகக் கொண்டுவந்து இறக்கின. புதுவையில் அடிக்கப்பட்ட செப்புத் துட்டுகளின் ஒரு புறத்தில் லில்லி மலரும், மறு புறத்தில் ஊரின் பெயர் தமிழெழுத்திலும் அமைந்திருந்தன.

நாணயத்துக்கென்று உலகெங்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட பொன், வெள்ளி, செம்பு ஆகிய மூன்று உலோகங்களும் வரிசையில் ஹைட்ரஜனுக்குக் கீழே நிற்பவை என்பது தற்செயலன்று. அவற்றைச் சுத்தி செய்தற்கு அந்நூற்றாண்டில் பரவலாக வழங்கிய முறைகளும் வினைத்திறனின் வேற்றுமையையே கருவியாகக் கொண்டவை. கலப்புள்ள வெள்ளியை ஈயத்தோடு சேர்த்து, எலும்புச் சாம்பலாலான சிறு கிண்ணத்தில் காற்றுப்படக் காய்ச்சினால், ஈயமும் அதனோடு செம்பும் பிராணவாயுவை ஏற்றுச் சாம்பலிற் சுவறிவிட, பிராணவாயுவை ஏலாத வெள்ளி மட்டும் மிஞ்சும். ஈயத்தின் இறுதிப் படலம் விலகும் கணத்தில் உருகிய வெள்ளி திடீரெனப் பளிச்சிடுவதைச் சோதகர் ஆவலோடு காத்திருந்து காண்பர். வெள்ளி கலந்த பொன்னாயின், ஒரு பங்கு பொன்னுக்கு மூன்று பங்கு வெள்ளி இருக்குமாறு உருக்கி, வெடியுப்புத் திராவகத்தில் இடுவர். வெள்ளி கரையும், பொன் கரையாது. அக்கரைசலில் செப்புத் தகட்டை நிறுத்தினால், செம்பு தான் கரைந்து வெள்ளியை வெளியே தள்ளும். பின்னாளில் விஞ்ஞானிகள் வரிசைப்படுத்தியதை, பொன்னையும் வெள்ளியையும் மாற்றுப் பார்த்தவர்களின் கை முன்னரே அறிந்திருந்தது எனலாம். வெள்ளி கறுப்பது பிராணவாயுவாலன்று, காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. 1761-இல் ஆங்கிலேயர் நகரைக் கைப்பற்றி இடித்தனர். புதுவை மீண்டும் பிரெஞ்சுக்காரர் வசமானபின் நாணய அடிப்பு மறுபடி நடைபெற்று, 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் ஓய்ந்தது.

விஞ்ஞான வரிசை: 1800-இல் வோல்டா தம் மின்னடுக்கை வெளியிட்டார். 1807-இல் டேவி மின்சாரத்தால் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் பிரித்தெடுத்தார். அவரே 1824-இல், போர்க்கப்பல்களின் அடிப்புறத்தில் வேய்ந்த செப்புத் தகடு கடல்நீரில் அரிபடாதிருக்க, அதனோடு துத்தநாகத்தையோ இரும்பையோ இணைக்கலாம் என்றார். வினைத்திறன் மிக்க உலோகம் தான் அழிந்து செம்பைக் காத்தது. எனினும், கரையும் செம்பின் நஞ்சு இல்லாமற்போனதால் சிப்பிகளும் பாசியும் அடியில் ஒட்டி, கப்பலின் வேகம் குன்றிற்று. 1837-இல் பிரெஞ்சுப் பொறியாளர் சொரேல் இரும்புக்குத் துத்தநாகம் பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1865-இல் ருஷ்ய அறிஞர் பெக்கேத்தொவ் இடப்பெயர்ச்சி வரிசையை வகுத்தார்.

கடற்பாலம்: துறைமுகமின்றிப் படகுகளாலேயே சரக்கேற்றி வந்த புதுவையில், 1860-களில் பிரெஞ்சு ஆட்சியினர் இரும்புத் தூண்களின்மேல் ஒரு பாலத்தைக் கடலுக்குள் நீட்டினர். முற்றிலும் நீரில் மூழ்கிய பகுதியைவிட, அலை மாறி மாறி நனைக்க உப்பும் பிராணவாயுவும் ஒருங்கே கிட்டும் பகுதியிலேயே இரும்பு விரைந்து துருவேறும். 1952-ஆம் ஆண்டுப் புயலில் இப்பாலம் அழிந்தது. புயலின் வேகமே காரணம் என்பது பொதுவாகக் கூறப்படுவது. எண்பதாண்டுக்கு மேற்பட்ட அரிப்பும் தூண்களை முன்னரே நலிவுறச் செய்திருத்தல் கூடும். இவ்விரண்டின் பங்கைப் பிரித்துக் கூறுதல் எளிதன்று. காந்தி சிலைக்கு எதிரே கடலில் எஞ்சிய தூண்கள் நெடுங்காலம் காணப்பட்டன.

பிற்காலம்: அழகப்ப செட்டியார் நல்கிய நிலத்தில், 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953-இல் திறக்கப்பெற்ற காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், மண்டபம் என்னும் கடலோர ஊரில் உலோகங்களைக் கடற்காற்றில் வைத்துச் சோதித்துவருகிறது. புதுவையிலோ, அழிந்த பாலத்துக்குப் பின் 1962-இல் அமைந்த புதிய கடற்பாலத்தின் ஒரு பகுதியும் 2022 மார்ச்சில் இடிந்து விழுந்தது.

மதிப்பீடு: வினைத்திறன் வரிசை மாற்றத்தின் திசையைக் கூறுமேயன்றி அதன் வேகத்தைக் கூறாது. வரிசையில் இரும்புக்கு மேலே நிற்கும் அலுமினியம், தன்மேல் உடனே படரும் மெல்லிய ஆக்சைடுப் படலத்தால் காற்றில் இரும்பினும் நெடிது நிலைக்கிறது. ஆயின் கடலுப்பிலுள்ள குளோரைடு அப்படலத்தையும் ஆங்காங்கே துளைத்துவிடும். ஆகையால், கடற்கரை ஊர்களில் உலோகத்தை அதன் ஸ்தானத்தை மட்டும் நோக்கித் தேர்தல் போதாது. அவ்வூரின் காற்றிலும் உப்பிலும் நீண்டகாலம் வைத்துப் பரிசோதித்த பின்னரே தேர்தல் தகும்.