ஆட்டுப்பால் சங்கடம்

ஒரகடம் ஆலைக்கு வேலைக்கு வந்தவர் ஒரு 'வீகன்' என்று வைத்துக்கொள்வோம். கறி மட்டுமல்ல, பால், நெய், தேன்கூட ஆகாது. ஸ்ரீபெரும்புதூர் கடையில் பச்சைப் புள்ளியை நம்பி பிஸ்கெட் வாங்கினால் போச்சு! 2001-ல் வந்த அந்தப் புள்ளிக்குப் பாலும் சைவம்தான். வீகன் உணவுக்கென்று தனி விதிகள் வந்ததே 2022-ல்தான்.

அந்த வார்த்தை 1944-ல் இங்கிலாந்தில் பிறந்தது. நம்ம காந்தியோ 1912-லேயே, தென்னாப்பிரிக்காவில், பாலை விட்டுவிட்டார். 1918-ல் கடும் வயிற்றுப்போக்கு, எலும்பும் தோலுமானார். டாக்டர்கள் கெஞ்சியும் மசியவில்லை. கஸ்தூரிபாதான் மடக்கினார். சபதம் பசு, எருமைப் பாலுக்குத்தானே, ஆட்டுப்பாலுக்கு என்ன தடை?

குடித்தார். பிழைத்தார். ஆனால் எல்லாப் பாலும் அந்தச் சபதத்தில் அடக்கம் என்பது அவருக்கே தெரியும். அந்த உறுத்தலைச் சுயசரிதையில் ஒளிக்காமல் எழுதிவிட்டார்.

ஒரகடம் நண்பர் கடலை மிட்டாய் வாங்கலாம். நெய் சேர்த்ததா என்று மட்டும் கேட்டுக்கொள்ளட்டும்.