சூழலாக்கம் (சிறுவர் நாடகம்)

சூழலாக்கமாவது, கதை நிகழும் இடத்தையும் காலத்தையும், அவற்றோடு இயைந்த பாவத்தையும், திரைச்சீலை முதலிய சாதனங்களைச் சாராது, உடல், குரல், மௌனம் ஆகியவற்றாலேயே தோற்றுவிக்கச் சிறுவர்க்கு அளிக்கப்படும் பயிற்சி. கல்வி நாடகத்தின் ஓர் அங்கம். இங்கிலாந்தில் பீட்டர் ஸ்லேடு, 1954இல் வெளியிட்ட ‘சைல்டு டிராமா’ என்னும் நூலில், சட்டமிட்ட மேடையினும் வகுப்பறைத் தரையே இளஞ்சிறார்க்கு உகந்ததெனக் கொண்டார். பிரையன் வே 1967இல் வெளியான தம் நூலில் புலன்களின் ஏகாக்கிரதைக்கு முதன்மை தந்தார்.

பயிற்சிகளுள் பெரிதும் வழங்குவது மழை. வட்டமாக அமர்ந்த சிறுவர் முதலில் உள்ளங்கைகளைத் தேய்த்துக் காற்றையும், பின்னர் விரல் சொடுக்கித் தூறலையும், தொடை தட்டிப் பெருமழையையும், காலால் தரை அதிர மிதித்து இடியையும் எழுப்பி, அவ்வரிசையையே தலைகீழாக்கி ஓசையை அடக்குவர். அடங்கியபின் நிலவும் மௌனத்தில் ஒரு சிறுவன் கைகளால் துழாவியவாறு நுழைவானாயின், சொல்லின்றியே இருள் புலனாகும். பயிற்சியின் உயிர்நிலை இதுவே.

டாரதி ஹீத்கோட் (1926–2011), ஆசிரியரே ஒரு பாத்திரமேற்றுச் சிறுவரோடு நடிக்கும் முறையால் சூழலாக்கத்தை மேலும் வளர்த்தார். ஒளியும் ஒப்பனையும் மிகுமிடத்துச் சிறுவரின் கற்பனை சுருங்குமாதலின், தொடக்க வகுப்புகளில் அவற்றை விலக்குதலே நன்று.