வாக்குறுதியை நம்பிய வாக்கு: அமெரிக்கச் சுகாதாரத் துறைத் தலைமையும் செனட்டின் நிபந்தனை ஆதரவும்

1. சிக்கல்

2025 பிப்ரவரி 4 அன்று அமெரிக்கச் செனட்டின் நிதிக் குழு, ராபர்ட் எஃப். கென்னடி ஜூனியரைச் சுகாதாரம் மற்றும் மனித நலத் துறையின் செயலராக்கும் முன்மொழிவை 14–13 என்ற கணக்கில் ஏற்றது. அமெரிக்காவில் செயலர் என்பவர் நம் நாட்டு அமைச்சருக்கு நிகரானவர். குழுவில் ஒருவர் அணி மாறியிருந்தால் முன்மொழிவு தோற்றிருக்கும். மாறக்கூடியவர் என்று எல்லோரும் எதிர்பார்த்தவர் லூயிசியானா மாநிலச் செனட்டர் பில் காசிடி. கல்லீரல் நோய் மருத்துவரான அவர், தம் மாநிலத்துப் பள்ளிக் குழந்தைகளுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி கிடைக்கப் பாடுபட்டவர். தடுப்பூசிகளை ஐயுற்று வந்த கென்னடியைக் கடுமையாகக் கேள்வி கேட்ட பிறகு, அவரிடம் சில உறுதிமொழிகளைப் பெற்று ஆதரவாக வாக்களித்தார். பிப்ரவரி 13 அன்று 52–48 என்ற கணக்கில் முழு மன்றமும் கென்னடியை ஏற்றது.

ஒரு நாட்டின் சுகாதாரத் துறைக்கு முன்மொழியப்பட்டவரை எந்த அடிப்படையில் ஆதரிக்கலாம்? அவருடைய கடந்தகாலச் செயல்பாடு, அவரை முன்மொழிந்த அதிபரின் உரிமை, அவர் தரும் வாக்குறுதி என மூன்று அடிப்படைகள் நடைமுறையில் முன்வைக்கப்படுகின்றன. இவற்றுள் வாக்குறுதியே மிக வலுவற்றது. சட்டத்தின் பிணைப்பில்லாத வாக்குறுதிக்காகத் தரும் ஆதரவு, கண்காணிப்பு அதிகாரத்தைத் தானே கைவிடுவதாகும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

2. ஒப்புதல் அதிகாரத்தின் இயல்பு

அமெரிக்க அரசியல் சட்டத்தின் இரண்டாம் உறுப்பு, உயர் அலுவலர்களை அதிபர் செனட்டின் ஒப்புதலோடு நியமிக்க வேண்டும் என்கிறது. வேண்டியவர்களுக்குப் பதவி வழங்கும் போக்குக்கு இது தடையாகும் என்று 1788இல் அலெக்சாண்டர் ஹாமில்டன் எழுதினார். ஆனால் அமைச்சரவை நியமனங்களில் மன்றம் வாக்கெடுத்து நிராகரித்தவை ஒன்பது மட்டுமே. கடைசியாக 1989இல் பாதுகாப்புத் துறைக்கு முன்மொழியப்பட்ட ஜான் டவர் நிராகரிக்கப்பட்டார். பெரும்பாலும் வாக்கெடுப்புக்கு முன்பே விலகல் நடந்துவிடுகிறது. 2009இல் சுகாதாரத் துறைக்குப் பராக் ஒபாமா முன்மொழிந்த டாம் டாஷல், வரி பாக்கிச் சிக்கலால் விலகியது இதற்குச் சான்று.

ஒப்புதல் தரும் அதிகாரம் செனட்டுக்கு உண்டு. திரும்பப் பெறும் அதிகாரம் இல்லை. பதவியேற்ற செயலரை நீக்குவது அதிபரின் கையில் இருக்கிறது. நாடாளுமன்றத்திடம் எஞ்சுவன விசாரணை அமர்வு, நிதி ஒதுக்கீடு, மிக அரிதான பதவிநீக்க நடைமுறை ஆகியவை. ஆகவே செனட்டரின் பேர வலிமை வாக்களிக்கும் நொடிவரை உச்சத்தில் இருந்து, அடுத்த நொடியே சரிந்துவிடுகிறது. முன்மொழியப்பட்டவரின் நிலை இதற்கு நேர்மாறானது. வாக்குறுதி தரும் கட்டாயம் அவருக்கு வாக்கெடுப்புக்கு முன்புதான் இருக்கிறது. அதைக் காக்க வேண்டிய காலமோ அதன் பின்னர் வருகிறது.

3. கடந்தகாலச் செயல்பாட்டை நம்பிய ஆதரவு

2014இல் சில்வியா மேத்யூஸ் பர்வெல் இத்துறைக்கு முன்மொழியப்பட்டபோது அரசியல் சூழல் கொதிநிலையில் இருந்தது. ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்துக்கான இணையதளம் 2013 அக்டோபரில் தொடங்கிய உடனேயே முடங்கியது. அடுத்த ஏப்ரலில் செயலர் கேத்லீன் செபீலியஸ் பதவி விலகுவதாக அறிவித்தார். அச்சட்டத்தையே ஒழிக்க முயன்ற குடியரசுக் கட்சியினரில் இருபதுக்கும் மேற்பட்டோர் பர்வெலுக்கு வாக்களித்தனர். முடிவு 78–17. பர்வெல் மருத்துவர் அல்லர். ஆனால் கேட்ஸ் அறக்கட்டளையின் உலக வளர்ச்சித் திட்டத்தை நடத்தியவர், வெள்ளை மாளிகையின் வரவுசெலவு அலுவலகத்துக்குத் தலைமை தாங்கியவர். அவருடைய கொள்கையை ஏற்காதவர்களும் நிர்வாகத் திறனைக் கண்ணால் கண்டிருந்தார்கள்.

2017இல் வந்த டாம் பிரைஸ் எலும்பியல் அறுவை மருத்துவர். துறையை அறிந்தவர் என்பதே ஆதரவாளர்களின் முதன்மை வாதம். நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தபோது அவர் மருத்துவ நிறுவனப் பங்குகளை வாங்கி விற்றது பற்றி விசாரணை அமர்வில் கேள்விகள் எழுந்தன. 52–47 என்ற கணக்கில் ஏற்கப்பட்டார். அரசுச் செலவில் தனி விமானங்களில் பறந்தது வெளிவந்ததால் அதே ஆண்டு செப்டம்பரில் பதவி விலகினார்.

இந்த இரு நிகழ்வுகளையும் ஒருசேர வைத்துப் பார்த்தால் மருத்துவப் பட்டம் தேவையான தகுதியும் அன்று, போதுமான தகுதியும் அன்று என்பது புலப்படும். முன்மொழியப்பட்டவர் பொறுப்பில் இருந்தபோது சான்றுகளையும் பொதுப்பணத்தையும் எப்படிக் கையாண்டார் என்பதே நம்பத்தக்க அளவுகோல்.

இந்த அளவுகோலின்படி கென்னடியின் வரலாறு தெளிவாகவே இருந்தது. தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு கற்பித்து அவர் 2005இல் எழுதிய கட்டுரையைச் சலான் இதழ் 2011இல் திரும்பப் பெற்றது. தடுப்பூசிகளுக்கு எதிராக இயங்கிய ‘சில்ட்ரன்ஸ் ஹெல்த் டிஃபென்ஸ்’ அமைப்புக்கு அவர் தலைவராக இருந்தார். நோபல் பரிசு பெற்ற அறிஞர்கள் 75 பேருக்கு மேல் நியமனத்தை எதிர்த்துக் கையெழுத்திட்டனர். சிறுவயதில் போலியோவால் தாக்கப்பட்ட மிட்ச் மெக்கானல், குடியரசுக் கட்சியில் எதிர்த்து வாக்களித்த ஒரே செனட்டர்.  அவர் தம் எதிர்ப்புக்குக் காரணமாகக் காட்டியது இந்த வரலாற்றையே.

4. வாக்குறுதிகளுக்கு நேர்ந்தது

காசிடி மன்றத்தில் அறிவித்த உறுதிமொழிகளுள் மூன்று இங்கே முக்கியம். தடுப்பூசி ஒப்புதலுக்கும் பாதுகாப்புக் கண்காணிப்புக்கும் இப்போதுள்ள அமைப்புகளுக்குள்ளேயே கென்னடி செயல்படுவார். நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் தடுப்பூசி ஆலோசனைக் குழு மாற்றமின்றித் தொடரும். தடுப்பூசி ஆட்டிசத்தை உண்டாக்குவதில்லை என்ற வாசகம் மையத்தின் இணையதளத்திலிருந்து நீக்கப்படாது.

2025 ஜூன் 9 அன்று ஆலோசனைக் குழுவின் 17 உறுப்பினர்களையும் கென்னடி நீக்கினார். உறுப்பினர்களுக்கு மருந்து நிறுவனங்களோடு தொடர்பு உண்டு, மக்களின் நம்பிக்கையை மீட்கவே இந்நடவடிக்கை என்று காரணம் கூறினார். உறுதிமொழி குழுவின் நடைமுறையைப் பற்றியதா, உறுப்பினர்களையும் சேர்த்ததா என்பதே விவாதமாயிற்று. நவம்பரில் மையத்தின் இணையப் பக்கம் திருத்தப்பட்டது. தடுப்பூசி ஆட்டிசத்தை உண்டாக்குவதில்லை என்ற தலைப்பு அப்படியே இருந்தது. அருகில் ஒரு நட்சத்திரக் குறி சேர்ந்தது. செனட் குழுத் தலைவரோடு, அதாவது காசிடியோடு, செய்த உடன்பாட்டால் தலைப்பு நீக்கப்படவில்லை என்று அடிக்குறிப்பு சொன்னது. அக்கூற்று சான்றுகளின் அடிப்படையில் அமைந்ததன்று என்று கீழே எழுதப்பட்டிருந்தது. வாக்குறுதியின் எழுத்து பிழைத்தது, பொருள் செத்தது. டிசம்பரில், மாற்றியமைக்கப்பட்ட ஆலோசனைக் குழு, பிறந்த குழந்தைகள் அனைவருக்கும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி என்று 1991 முதல் இருந்து வந்த பரிந்துரையைக் கைவிட வாக்களித்தது. நோய்த்தொற்று இல்லாத தாய்க்குப் பிறந்த குழந்தையின் பெற்றோர் மருத்துவரோடு பேசி முடிவெடுக்கலாம் என்பது புதிய நிலைப்பாடு. காசிடி தம் மருத்துவ வாழ்வில் எந்தத் தடுப்பூசிக்காக உழைத்தாரோ அதுவே இதில் சிக்கியது.

5. சட்டம் விட்டுவைத்த இடைவெளி

இதைத் தனிமனித நாணயம் பற்றிய கதையாகச் சுருக்கினால் பாடம் தவறிவிடும். 1993இல் இயற்றிய சட்டப்படி, ஏழைக் குழந்தைகளுக்கு இலவசமாக எந்தத் தடுப்பூசிகளைத் தருவது என்பதை ஆலோசனைக் குழுவே முடிவு செய்கிறது. 2010ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டப்படி, குழு பரிந்துரைத்து மையம் ஏற்ற தடுப்பூசிகளைக் காப்பீட்டு நிறுவனங்கள் கட்டணமின்றி வழங்க வேண்டும். குழுவின் சொல்லுக்கு இவ்வளவு எடை தந்த சட்டம், குழுவில் யார் அமர்வது என்பதைச் செயலரின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது.

2025 ஜூன் 27 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய பிரெய்ட்வுட் வழக்குத் தீர்ப்பு இதே தர்க்கத்தை வேறொரு குழுவில் உறுதிசெய்தது. நோய்த்தடுப்புச் சேவைகளைப் பரிந்துரைக்கும் பணிக்குழுவின் உறுப்பினர்களைச் செயலர் விரும்பியபோது நீக்கலாம், அவர்களின் பரிந்துரைகளை மறுபரிசீலனை செய்யலாம். எனவே அவர்களின் நியமனம் செல்லும் என்று 6–3 பெரும்பான்மையில் நீதிபதிகள் கூறினர். வல்லுநர் குழுக்களின் சுதந்திரம் செயலரின் பெருந்தன்மையில்தான் தொங்குகிறது என்பதே இதன் விளைவு. அமைப்பு தனிமனிதரை இவ்வளவு சார்ந்திருக்கும்போது, அந்தத் தனிமனிதரைத் தேர்வதில் தளர்வு காட்ட இடமில்லை.

6. மறுப்புகள்

தேர்தலில் வென்ற அதிபருக்குத் தம் அணியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு என்பது முதல் மறுப்பு. உரிமை உண்மைதான். ஆனால் அதிபரின் தேர்வை அப்படியே வழிமொழிவது மட்டுமே செனட்டின் வேலை என்றால், ஒப்புதல் விதியே தேவையில்லை. கொள்கை வேறுபாட்டுக்காக நிராகரிக்காமல் இருப்பது இந்த உரிமைக்குத் தரும் மரியாதை. சான்றுகளைப் புறக்கணித்த வரலாற்றைக் கண்டும் காணாமல் விடுவது அந்த மரியாதையில் சேராது.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. உணவுச் சாயங்கள், மிகையாகப் பதப்படுத்திய உணவு, நாட்பட்ட நோய்கள், மருந்து நிறுவனங்களுக்கும் ஒழுங்குமுறை அமைப்புகளுக்கும் இடையிலான நெருக்கம் ஆகியவற்றைக் கென்னடி முன்னிறுத்தினார். இவை நியாயமான கவலைகள். இதே துறைக்கு 2018இல் செயலராக வந்த அலெக்ஸ் அசார், எலி லில்லி மருந்து நிறுவனத்தின் அமெரிக்கக் கிளையின் தலைவராக இருந்தவர்தான். ஆயினும் ஒரு நோயைச் சரியாகக் கண்டறிந்தவர் எல்லா நோய்க்கும் சரியான மருந்து தருவார் என்று கொள்ள முடியாது. உணவுச் சீர்திருத்தத்துக்குத் தடுப்பூசி ஐயம் ஒரு முன்நிபந்தனையன்று; அதே கவலைகள் கொண்ட வேறொருவரை முன்மொழியுமாறு செனட் கேட்டிருக்கலாம்.

காசிடி எதிர்த்திருந்தாலும் வேறு வழியில் நியமனம் நடந்திருக்கும் என்பது மூன்றாவது மறுப்பு. நடந்திருக்கலாம். அப்போதும் அவருடைய எதிர்ப்பு பதிவாகியிருக்கும். துறையின் செயல்களுக்கு அவருடைய மருத்துவ மதிப்பு முன்கூட்டியே சான்றளித்திருக்காது.

7. முடிவு

முன்மொழியப்பட்டவரை ஆதரிப்பது குற்றமன்று. பர்வெலுக்குக் கிடைத்த இருகட்சி ஆதரவு மக்களாட்சியின் நல்ல வழக்கம். அந்த ஆதரவு அவர் ஏற்கெனவே செய்துகாட்டியதன் மேல் நின்றது. வாக்குறுதி கேட்டுத்தான் ஒருவரை ஆதரிக்க முடியும் என்ற நிலை வந்தால், அவருடைய வரலாறே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது என்று பொருள். அப்போது செனட்டர் செய்யத்தக்கவை இரண்டு: எதிர்த்து வாக்களிப்பது, அல்லது கேட்கும் வாக்குறுதி சட்டமாகும்வரை வாக்கை நிறுத்திவைப்பது. ஆலோசனைக் குழுவின் உறுப்பினர் தகுதி, பதவிக்காலம், நீக்கக் காரணங்கள் ஆகியவற்றைச் சட்டத்திலேயே எழுதிவைப்பது அமெரிக்க நாடாளுமன்றம் இனிச் செய்ய வேண்டிய முதல் வேலை. அதைச் செய்யாதவரை, அடுத்த செயலர் எந்தக் கட்சியைச் சேர்ந்தவராயினும், குழந்தைகளின் தடுப்பூசி அட்டவணை ஒருவரின் நல்லெண்ணத்தை நம்பியே இருக்கும்.